நான்கு மணி நேரக் கெடு பிறந்த கதை

ஸ்ட்ரெச்சர் வண்டியின் சக்கரங்களைக் கழற்றிவிட்டால் அது கட்டிலாகிவிடும். இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகளில் சில, இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பு பழகிக்கொண்ட வித்தை இது. நோயாளி படுத்திருந்தது அதே மெத்தையில்தான். நிறுத்தி வைத்திருந்தது அதே நடைவழியில்தான். ஆனால் மேலிடத்துக்குப் போகும் படிவத்தில் 'டிராலியில் காத்திருப்போர்' என்ற கட்டத்தில் ஒரு தலை குறைந்தது. நடைவழிக்கும் பெயர்சூட்டு விழா நடந்தது. சில இடங்களில் அது 'அனுமதிக்கு முந்தைய பிரிவு' ஆயிற்று. வார்டு என்று பெயர் வந்தபின் அங்கே படுத்திருப்பவர் வார்டில் இருப்பவர்தானே? அரசு நிர்ணயிக்கும் இலக்குகளைப் பற்றி 2003இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் பொது நிர்வாகக் குழு விசாரித்தபோது இந்த வகைச் சங்கதிகள் வரிசையாக அம்பலமேறின.

இதைப் படித்துச் சிரித்துவிட்டுப் போய்விடலாம். பலரும் அப்படித்தான் செய்தார்கள். இலக்கு வைத்தால் ஏமாற்று வரும் என்பதற்கு உதாரணமாக இந்தச் சக்கரமில்லாக் கட்டில்கள் நிர்வாகவியல் வகுப்புகளில் இன்றும் உருள்கின்றன. ஆனால் அந்தச் சக்கரங்களைக் கழற்ற வைத்த கெடு எப்படிப் பிறந்தது, பிறந்தபின் என்னென்ன செய்தது என்று முழுக்கப் பார்த்தால் சிரிப்பு பாதியில் நின்றுவிடுகிறது.

பிரிட்டனின் தேசிய சுகாதார சேவை 1948 ஜூலை 5 அன்று தொடங்கியது. வரிப் பணத்தில் நடப்பது. வாசலில் யாரும் பணம் கேட்பதில்லை. விலை இல்லாத பொருளுக்கு விலையாக நிற்பது வரிசை. அறுவை சிகிச்சைக்கு மாதக்கணக்கில் காத்திருப்பதை அந்நாட்டு மக்கள் அலுத்துக்கொண்டே பொறுத்துக்கொண்டார்கள். அவசர சிகிச்சைப் பிரிவில், நம் வாயில் புழங்கும் சொல்லில் கேஷுவாலிட்டியில், இரவெல்லாம் ஒரு முதியவர் டிராலியில் கிடந்தார் என்று செய்தித்தாளில் படம் வரும்போது மட்டும் பொறுமை போய்விடும். குளிர்காலம் வந்தால் ஃப்ளூ வரும், ஃப்ளூ வந்தால் படுக்கைகள் நிரம்பும், படுக்கைகள் நிரம்பினால் டிராலிப் படங்கள் வரும். ஒவ்வொரு ஜனவரியிலும் ஒரு சுகாதார அமைச்சர் மன்னிப்புக் கேட்கும் தொனியில் பேட்டி கொடுப்பார்.

முதலில் கடிகாரத்தைக் கையில் எடுத்தது கன்சர்வேட்டிவ் கட்சிப் பிரதமர் ஜான் மேஜர். 1991இல் வந்த அவருடைய நோயாளிகள் சாசனம் பலவற்றுக்கு நேரம் குறித்தது. கேஷுவாலிட்டிக்குள் நுழைபவரை உடனடியாக மதிப்பிட வேண்டும் என்பது அதில் ஒன்று. பின்னர் ஐந்து நிமிடம் என்று கெடு கிடைத்தது. இதற்கு மருத்துவமனைகள் கண்ட விடைதான் 'ஹலோ நர்ஸ்'. வாசலருகே ஒரு செவிலியர் நிற்பார். வருபவரைப் பார்த்து வணக்கம் சொல்வார், என்ன உபாதை என்று கேட்பார், நேரத்தைக் குறித்துக்கொள்வார். மதிப்பீடு முடிந்தது. அதன்பின் நோயாளி நாற்காலியில் உட்கார்ந்து எத்தனை மணி நேரம் வேண்டுமானாலும் காத்திருக்கலாம். சாசனத்தின்படி அவர் பார்க்கப்பட்டுவிட்டவர். சாசனத்துக்குப் பல் கிடையாது, அதாவது தவறினால் யாருக்கும் வேலை போகாது என்பதால், ஏமாற்றும் இந்த அளவுக்கு மென்மையாகவே இருந்தது.

2000இன் தொடக்கத்தில் வந்த ஃப்ளூ காலம் டோனி பிளேரின் தொழிற்கட்சி அரசை உலுக்கியது. ஆட்சிக்கு வந்து மூன்று ஆண்டுகள்கூட ஆகவில்லை. மருத்துவமனைகளைக் காப்பாற்றுவோம் என்று சொல்லி வந்தவர்கள். ஜனவரி மாத ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் பிளேர் தொலைக்காட்சிப் பேட்டியில் உட்கார்ந்து, சுகாதாரச் செலவை ஐரோப்பிய ஒன்றியத்தின் சராசரிக்கு உயர்த்துவோம் என்று சொல்லிவிட்டார். நிதியமைச்சகத்துக்கு இது உவப்பான செய்தியாக இருந்திருக்க முடியாது. பணம் கொடுத்தால் அதற்கு ஈடாக என்ன கிடைக்கும் என்ற கேள்வி உடனே எழுந்தது. அந்தக் கேள்விக்கான பதிலாக 2000 ஜூலையில் வெளிவந்ததுதான் தேசிய சுகாதார சேவைத் திட்டம். சுகாதார அமைச்சர் ஆலன் மில்பர்ன். அந்தத் தடிமனான ஆவணத்தில் புதைந்திருந்த ஒரு வாக்குறுதி: 2004ஆம் ஆண்டு முடிவதற்குள், கேஷுவாலிட்டிக்கு வந்த யாரும் நான்கு மணி நேரத்துக்கு மேல் அங்கே இருக்கக் கூடாது. வந்து சேர்ந்த நேரத்திலிருந்து, வார்டில் சேர்க்கப்படும் வரை, அல்லது வேறு இடத்துக்கு மாற்றப்படும் வரை, அல்லது வீட்டுக்கு அனுப்பப்படும் வரை.

ஏன் நான்கு? மாரடைப்போடு வருபவருக்கு நான்கு மணி நேரம் என்பது கொடுமை. கணுக்கால் சுளுக்கோடு வருபவர் ஐந்து மணி நேரம் உட்கார்ந்தாலும் கால் கெட்டுப்போகாது. நோய் எதுவும் கேட்டு வாங்கிய எண் அல்ல இது. வாக்காளர் ஒருவர் நினைவில் வைத்துக்கொள்ளக்கூடிய, கணினியில் எளிதாக எண்ணக்கூடிய, நிறைவேற்றினால் பெருமையடித்துக்கொள்ளக்கூடிய எண். அரசியல் மேசையில் பிறந்த குழந்தை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. வரிசையை யாராவது ஒரு எண்ணால் வெட்டித்தான் ஆக வேண்டியிருந்தது.

வாக்குறுதி மட்டும் இருந்திருந்தால் அது சாசனத்தின் வழியிலேயே போயிருக்கும். அதற்குப் பல் முளைத்தது அடுத்த ஆண்டில். 2001இல் மருத்துவமனைகளுக்கு நட்சத்திரம் வழங்கும் முறை வந்தது, ஓட்டல்களுக்குக் கொடுப்பதைப் போல. மூன்று நட்சத்திரம் வாங்கினால் பாராட்டும் கூடுதல் சுதந்திரமும். ஒன்றுமே வாங்காவிட்டால் நாளிதழில் பெயர் வரும். முதல் பட்டியலில் சுழி வாங்கியவை பன்னிரண்டு. பத்திரிகைகள் அவற்றுக்கு 'அழுக்கு டஜன்' என்று பெயர் வைத்தன. அவற்றின் தலைமை நிர்வாகிகளில் ஆறு பேர் பதவி இழந்தார்கள். மருத்துவமனை நிர்வாகிகள் வட்டாரத்தில் அந்த ஆறு என்ற எண் எந்தச் சுற்றறிக்கையையும்விட வேகமாகப் பரவியிருக்கும். அதே 2001இல் பிரதமர் அலுவலகத்தில் மைக்கேல் பார்பர் என்பவர் தலைமையில் ஒரு சிறு அலகு உருவானது. பிரதமர் கொடுத்த வாக்குறுதிகள் நிறைவேறுகின்றனவா என்று வரைபடம் போட்டுக் காட்டுவதே அதன் வேலை. கேஷுவாலிட்டி காத்திருப்பு அந்த வரைபடங்களில் ஒன்று. கோடு இறங்காவிட்டால் அமைச்சருக்கு அழைப்பு, அமைச்சரிடமிருந்து அதிகாரிக்கு, அதிகாரியிடமிருந்து மருத்துவமனை நிர்வாகிக்கு, அங்கிருந்து இரவுப் பணியில் இருக்கும் செவிலியருக்கு. கெடு தாண்டினால் அதற்கு 'பிரீச்' என்று பெயர். ஒவ்வொரு பிரீச்சுக்கும் காரணம் எழுத வேண்டும். கெடுவை எட்டிய மருத்துவமனைகளுக்குக் கட்டடத்துக்கும் கருவிக்கும் கூடுதல் பணமும் வந்தது.

குவின் பெவன், கிறிஸ்டோபர் ஹூட் என்ற இரு பேராசிரியர்கள் இந்த ஆட்சிமுறைக்கு 'இலக்கும் திகிலும்' என்று பொருள்படும் பெயரை வைத்தார்கள். சோவியத் தொழிற்சாலைகளுக்கு மாஸ்கோவிலிருந்து உற்பத்தி இலக்கு வருமே, அந்த மரபில் இதைச் சேர்த்தார்கள்.

திகில் வேலை செய்தது. இதை முதலில் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் கட்டில் கதைகளைச் சொல்பவர்கள் இதை விழுங்கிவிடுகிறார்கள். 2002இல் கேஷுவாலிட்டிக்கு வந்தவர்களில் 23 சதவீதம் பேர் நான்கு மணி நேரத்துக்கு மேல் அங்கே இருந்தார்கள். 2004இன் முதல் மூன்று மாதங்களில் அது 5.3 சதவீதம். இந்த இறக்கம் முழுவதும் காகிதத்தில் நடந்ததல்ல. சின்னக் காயத்தோடு வருபவர்களைத் தனி வரிசையாக்கி, அனுபவமுள்ள செவிலியரே பார்த்து, தைத்து, அனுப்பிவிடும் முறை பரவியது. அதற்கு முன்பு கைவிரல் வெட்டுக்காயக்காரர், ஒவ்வொரு முறையும் தன்னைவிட மோசமான நிலையில் ஒருவர் வந்து முந்திக்கொள்ள, நள்ளிரவு வரை உட்கார்ந்திருப்பார். கூடுதல் மருத்துவர்கள் வந்தார்கள். எல்லாவற்றையும்விட முக்கியம், கேஷுவாலிட்டியின் நெரிசல் முழு மருத்துவமனையின் பிரச்சினை ஆனது. மேல்மாடி வார்டில் காலையிலேயே டிஸ்சார்ஜ் ஆக வேண்டியவர் மாலைவரை மருந்துச் சீட்டுக்காகக் காத்திருந்தால், கீழே ஒருவர் டிராலியில் கிடப்பார். இது எல்லா மருத்துவர்களுக்கும் எப்போதும் தெரிந்த விஷயம்தான். தலைமை நிர்வாகியின் வேலை அதில் தொங்கத் தொடங்கியபின்தான் மேல்மாடி அசைந்தது.

இனி ஏமாற்று. நான்கு மணி நேரம் என்பதில் நான்கை மாற்ற முடியாது. அது பிரதமரின் எண். மாற்றக்கூடியவை இரண்டே இரண்டு: கடிகாரம் எப்போது ஓடத் தொடங்குகிறது, எப்போது நிற்கிறது. அந்த ஆண்டுகளின் தந்திரங்கள் பெரும்பாலும் இந்த இரண்டு முனைகளில்தான் மொய்த்தன. நடுவில் கிடந்த நோயாளியை அதிகம் தொடவில்லை.

தொடக்க முனையில் ஆம்புலன்ஸ். நோயாளி கட்டடத்துக்குள் வந்தால்தானே கடிகாரம் ஓடும்? உள்ளே நெரிசல் என்றால் வெளியே ஆம்புலன்ஸிலேயே வைத்திருந்தால் போயிற்று. வாசலில் வண்டிகள் வரிசைகட்டி நின்றன. அந்த நேரத்தில் ஊரில் யாருக்காவது நெஞ்சுவலி வந்தால் அனுப்ப வண்டி இருக்காது. கெடுவை எழுதியவர்கள் இதற்கும் விதி கண்டார்கள். ஆம்புலன்ஸில் வருபவருக்கு, கையளிக்கப்பட்ட நேரம் அல்லது வண்டி வந்து 15 நிமிடம், இதில் எது முந்தியதோ அப்போது கடிகாரம் ஓடும். ஒரு ஓட்டை அடைபட்டது.

ஆம்புலன்ஸ் சேவைக்கே தனியாக ஒரு கெடு இருந்தது. உயிருக்கு ஆபத்தான அழைப்புகளில் 75 சதவீதத்துக்கு எட்டு நிமிடத்துக்குள் போய்ச்சேர வேண்டும். இங்கே தொடக்க முனையின் விளையாட்டு இன்னும் நுட்பமாக நடந்தது. எட்டு நிமிடம் எப்போதிலிருந்து? தொலைபேசியை எடுத்ததிலிருந்தா, என்ன நோய் என்று புரிந்துகொண்டதிலிருந்தா, வண்டி புறப்பட்டதிலிருந்தா? ஒவ்வொரு ஆம்புலன்ஸ் அமைப்பும் தனக்குத் தோதானதை எடுத்துக்கொண்டது. எது 'உயிருக்கு ஆபத்து' என்பதிலும் அப்படியே: ஓரிடத்தில் அழைப்புகளில் பத்தில் ஒன்றுகூட அந்த வகையில் வராது, இன்னோரிடத்தில் பாதிக்கு மேல் வரும். போய்ச்சேர்ந்த நேரங்களை வரைபடமாகப் போட்டபோது எட்டாவது நிமிடத்துக்குச் சற்று முன்னால் ஒரு கோபுரம் எழுந்தது. எட்டைத் தாண்டியதும் பள்ளம். தணிக்கை செய்த ஆணையம், ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஆம்புலன்ஸ் அமைப்புகள் நேரங்களை எட்டுக்குள் வரும்படி 'திருத்தியிருந்தன' என்று கண்டது.

கேஷுவாலிட்டி வரைபடத்திலும் அதே மாதிரிக் கோபுரம் உண்டு. ஷெஃபீல்டைச் சேர்ந்த இரு ஆய்வாளர்கள் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட வருகைகளின் நேரங்களை எடுத்து 2005இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு வரைபடம் வெளியிட்டார்கள். நோயாளிகள் வெளியேறும் வேகம் மெல்ல இறங்கிக்கொண்டே வந்து, நான்காவது மணியின் கடைசி நிமிடங்களில் திடீரென்று செங்குத்தாக ஏறுகிறது. வார்டில் சேர்க்க வேண்டியவர்களிடம் இது கூடுதல். மூன்று மணி ஐம்பது நிமிடத்தில் குணமாகும் நோய் உலகில் கிடையாது. அந்தப் பத்து நிமிடத்தில் என்ன நடக்கிறது என்பது அங்கே வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும்: இரத்தப் பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்காமல் ஒரு முடிவு, படுக்கை இருக்கும் ஏதோ ஒரு வார்டுக்கு ஒரு தள்ளல், சில சமயம் பேனாவில் ஒரு திருத்தம்.

நிற்கும் முனைக்கு எழுந்த நிரந்தரக் கட்டடம் ஒன்று உண்டு. கேஷுவாலிட்டிக்குப் பக்கத்திலேயே ஒரு சிறு பிரிவு. 'மருத்துவ முடிவுப் பிரிவு' என்று பெயர். தலையில் அடிபட்டவரை ஒரு இரவு கவனித்து அனுப்ப, மார்வலிக்காரரின் இரண்டாவது இரத்தப் பரிசோதனை வரும்வரை வைத்திருக்க, நல்ல காரணங்கள் இருக்கின்றன. கூடவே ஒரு வசதி: அந்தக் கதவைத் தாண்டினால் கடிகாரம் நின்றுவிடும். நல்ல காரணமும் வசதியும் ஒரே அறையில் குடியிருந்தால் எது எப்போது முடிவெடுக்கிறது என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. சக்கரமில்லாக் கட்டிலைவிட இந்த வகை ஏமாற்றுதான் எனக்கு யோசனை தருகிறது. இதில் பொய் சொன்னவர் யாருமில்லை.

எண்ணப்படாத இடத்துக்கு என்ன ஆகும்? இதற்குப் பதில் கேஷுவாலிட்டியில் இல்லை, பிரிஸ்டல் கண் மருத்துவமனையில் இருக்கிறது. அங்கே கெடு வேறு: புதிதாக வரும் வெளிநோயாளியை இத்தனை வாரத்துக்குள் பார்த்துவிட வேண்டும். ஏற்கெனவே சிகிச்சையில் இருப்பவர் மறுபடி வருவதற்குக் கெடு கிடையாது. புதியவர்களுக்கு இடம் வேண்டும் என்பதற்காகப் பழையவர்களின் தேதிகள் மாதம் ஆயிரத்துக்கு மேல் ரத்தாயின. சிலருக்கு இருபது மாதம் வரை தள்ளிப்போயிற்று. கிளாக்கோமா போன்ற நோயில் ஆபத்து முதல் வருகையில் இல்லை, தொடர்ந்து பார்க்காமல் விடுவதில் இருக்கிறது. இழந்த பார்வை திரும்பாது. இரண்டு ஆண்டுகளில் குறைந்தது 25 பேர் இப்படிப் பார்வை இழந்தார்கள் என்று அந்த மருத்துவமனையின் மருத்துவரே நாடாளுமன்றக் குழுவிடம் சாட்சியம் கொடுத்தார். இங்கே எந்தப் பதிவும் திருத்தப்படவில்லை, எந்தக் கட்டிலின் சக்கரமும் கழலவில்லை. கெடு நேர்மையாக நிறைவேற்றப்பட்டது. 25 பேர் அதற்கு விலை.

இதையெல்லாம் பார்த்தபின், திகிலே வேண்டாம், மருத்துவர்களை நம்பி விட்டுவிடுவோம் என்று தோன்றுவது இயல்பு. அதையும் ஒரு நாடு செய்து பார்த்தது. அதிகாரப் பகிர்வுக்குப் பின் வேல்ஸுக்கு சுகாதாரத்தில் தனி அதிகாரம் கிடைத்திருந்தது. அங்கே இலக்குகள் இருந்தன; நட்சத்திரம் இல்லை, பதவிநீக்கம் இல்லை, அவமானப் பட்டியல் இல்லை. பெவனும் ஹூட்டும் இரண்டு நாடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். இங்கிலாந்தில் அறுவை சிகிச்சைக்கான நீண்ட காத்திருப்புகள் இறங்கிய அதே ஆண்டுகளில் வேல்ஸில் நிலைமை மோசமாயிற்று. வேல்ஸின் தலைமைத் தணிக்கையாளரே 2005இல், எட்டினால் பரிசும் இல்லை தவறினால் தண்டனையும் இல்லை, தவறியவர்களுக்குக் கூடுதல் பணம் கிடைப்பது போலத்தான் தெரிகிறது என்ற கருத்தில் எழுதினார். ஸ்காட்லாந்தோடு ஒப்பிட்ட பொருளியலாளர் கேரல் பிராப்பரும் அவருடன் ஆய்வு செய்தவர்களும் இங்கிலாந்தில்தான் காத்திருப்பு குறைந்தது என்றே கண்டார்கள். நல்லவர்கள், தொழில் தர்மம் தெரிந்தவர்கள், எல்லா நாட்டிலும் ஒரே மாதிரிதான் இருந்திருப்பார்கள். வரிசையைக் குறைத்தது பயம்.

அந்தப் பயம் எவ்வளவு தூரம் போகும் என்று காட்டியது ஸ்டாஃபோர்ட். மிட் ஸ்டாஃபோர்ட்ஷயர் அறக்கட்டளை நடத்திய அந்த மருத்துவமனை, தன்னாட்சித் தகுதி பெறுவதற்காகக் கணக்கை நேர்செய்யக் கிளம்பி 150க்கும் மேற்பட்ட பணியிடங்களை வெட்டியது. 2008இல் தகுதியும் கிடைத்தது. 2009இல் சுகாதார ஆணையத்தின் அறிக்கை வந்தபோதுதான் உள்ளே நடந்தது தெரிந்தது. கேஷுவாலிட்டிக்கு வருபவர்களை முதலில் தரம்பிரித்தது மருத்துவப் பயிற்சி இல்லாத வரவேற்பாளர்கள். கெடு நெருங்கும்போது போதிய ஆளில்லாத பிரிவுகளுக்கு நோயாளிகள் தள்ளப்பட்டார்கள். பின்னர் ராபர்ட் ஃபிரான்சிஸ் நடத்திய விசாரணைகளில், பிரீச் ஆனால் வேலை போய்விடும் என்ற மிரட்டலில் வாழ்ந்ததையும் நேரத்தை மாற்றி எழுதும்படி அழுத்தம் இருந்ததையும் செவிலியர்கள் சொன்னார்கள். 2013 பிப்ரவரியில் வந்த இறுதி அறிக்கையில் 290 பரிந்துரைகள். அதே ஆண்டில், நேரங்களைத் திருத்தியதற்காக அங்கே பணியாற்றிய இரண்டு செவிலியர்களின் பெயர்கள் தொழில் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டன. பிரதமர் அலுவலக வரைபடத்தில் புறப்பட்ட அழுத்தம் படிப்படியாகக் கீழிறங்கி, அதற்குக் கீழே தள்ளிவிட ஆளில்லாதவர்களிடம் போய் நின்றது.

ஆட்சி மாறியது. 2010இல் வந்த கூட்டணி அரசின் அமைச்சர் ஆண்ட்ரூ லான்ஸ்லி இந்தக் கெடுவுக்கு மருத்துவ நியாயம் இல்லை என்று சொல்லிவந்தவர். வருபவர்களில் 98 சதவீதம் பேர் நான்கு மணி நேரத்துக்குள் வெளியேற வேண்டும் என்று 2005 முதல் இருந்த இலக்கை அவர் 95 ஆக்கினார். மூன்று சதவீதம் என்பது கேட்கச் சின்னது. ஆனால் தாண்டுவதற்கு அனுமதிக்கப்பட்டவர்கள் இரண்டிலிருந்து ஐந்து ஆனார்கள், இரண்டரை மடங்கு. கழுத்தைப் பிடித்திருந்த கை தளர்ந்ததை மருத்துவமனைகள் உடனே உணர்ந்தன.

இந்த இடத்தில் கதை எனக்குப் பிடித்த திருப்பத்தை எடுக்கிறது. ஜோனதன் குரூபர், தாமஸ் ஹோ, ஜார்ஜ் ஸ்டாய் என்ற மூன்று பொருளியலாளர்கள், அந்த நான்காவது மணிக் கோபுரத்தையே ஆராய்ச்சிக் கருவியாக எடுத்துக்கொண்டார்கள். மற்றவர்கள் ஏமாற்றுக்குச் சான்றாகக் காட்டிய கோபுரம் அது. கெடு இல்லாதிருந்தால் அந்த நோயாளிகள் எவ்வளவு நேரம் காத்திருப்பார்கள் என்று கணித்து, அவசரமாக நகர்த்தப்பட்ட அவர்களுக்குப் பின்னால் என்ன ஆயிற்று என்று பார்த்தார்கள். கூடுதலானவர்கள் வார்டில் சேர்க்கப்பட்டிருந்தார்கள், செலவும் கொஞ்சம் கூடியிருந்தது. இதை யாரும் எதிர்பார்த்திருக்கலாம். எதிர்பாராதது, அவர்களிடையே முப்பது நாளுக்குள் இறந்தவர்களின் விகிதம் 14 சதவீதம் குறைந்திருந்தது. காரணத்தைத் தோண்டியபோது அவர்கள் வந்து சேர்ந்த இடம், காத்திருப்பு குறைந்ததே உயிரைக் காத்தது என்பது. கடைசிப் பத்து நிமிடப் பரபரப்பில் தள்ளப்பட்டவர்கள், தள்ளப்படாமல் கிடந்திருந்தால் பிழைத்திருக்கக்கூடியதைவிட அதிகமாகப் பிழைத்திருந்தார்கள். இந்த ஆய்வு 2018இல் வெளிவந்தது.

2022இல் எமர்ஜென்சி மெடிசின் ஜர்னலில் இன்னொரு ஆய்வு. ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட அனுமதிகளைப் பார்த்தார்கள். கேஷுவாலிட்டியில் ஐந்து மணி நேரத்தைத் தாண்டியதும் இறப்பு அபாயம் ஏறத் தொடங்குகிறது. ஆறு முதல் எட்டு மணி நேரம் வரை வார்டு கிடைக்காமல் தாமதமானவர்களில் 82 பேருக்கு ஒருவர் கூடுதலாக இறக்கிறார். மருத்துவக் காரணம் எதுவுமில்லாமல் அரசியல் மேசையில் பிறந்த எண்ணுக்கு, பிறந்து இருபது ஆண்டுகள் கழித்து மருத்துவக் காரணம் கிடைத்தது. ஆறு என்றோ எட்டு என்றோ வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்கத் தோன்றுகிறது.

அதற்குள் கெடு நோயில் விழுந்திருந்தது. 95 சதவீதத்தை இங்கிலாந்து கடைசியாக எட்டியது 2015 ஜூலையில். 2019இல் புதிய அளவுகோல்களைச் சோதித்துப் பார்க்க 14 மருத்துவமனை அமைப்புகள் தேர்ந்தெடுக்கப்பட்டன. 2020 ஜனவரியில் சுகாதார அமைச்சர் மேட் ஹான்காக் பழைய கெடு போகலாம் என்று வானொலியில் சூசகமாகச் சொன்னார். எதிர்ப்பு யாரிடமிருந்து வந்தது தெரியுமா? அவசர மருத்துவர்களின் ராயல் கல்லூரியிடமிருந்து. இந்தக் கெடுவால் மிகவும் நசுங்கியவர்கள் அவர்கள். பிரீச் அறிக்கை எழுதி எழுதிக் களைத்தவர்கள். அதற்கு ஈடான மாற்று இதுவரை கண்ணில் படவில்லை, கைவைக்காதீர்கள் என்றார்கள். மேல்மாடியை அசைக்க அவர்களிடம் இருந்த ஒரே கயிறு அதுதான்.

2022 டிசம்பரில் கேஷுவாலிட்டிக்கு வந்தவர்களில் நான்கு மணி நேரத்துக்குள் வெளியேறியவர்கள் சுமார் 65 சதவீதம். அரசு எட்டச் சொன்ன அடுத்த படி 76 சதவீதம். அப்போது நாடு பேசியது நான்கு மணி நேரத்தைப் பற்றியே அல்ல, பன்னிரண்டைப் பற்றி. அந்த டிசம்பரில் மட்டும் படுக்கைக்காகப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தவர்கள் ஐம்பதாயிரத்துக்கும் மேல் என்றது அரசின் கணக்கு. அந்தப் பன்னிரண்டு மணி நேரம் ஓடத் தொடங்கியது நோயாளி வாசலில் நுழைந்தபோது அல்ல, அவரை வார்டில் சேர்ப்பது என்று மருத்துவர் முடிவெடுத்தபோது. முடிவெடுக்கத் தாமதமானால் கடிகாரமும் காத்திருக்கும். அவசர மருத்துவர்கள் இதை ஆண்டுக்கணக்கில் சுட்டிக்காட்டி வந்தார்கள். 2023 பிப்ரவரி மாதக் கணக்கிலிருந்து, வாசலில் நுழைந்த நேரத்திலிருந்து எண்ணிய பட்டியலும் சேர்ந்து வெளியாகிறது. முதல் மாதத்தில் அந்த எண்ணிக்கை பழைய கணக்கைப்போல மூன்று மடங்குக்கும் மேல் இருந்தது.